மாஸ்டர் பார்க்காத மஞ்சள் கொடி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் நலம். நலம் என்று எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்குகிறது. அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். உடனே கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடாதே, வரிசையாகப் படி.

போன் இருக்கும்போது அப்பா எதற்குக் காகிதத்தைத் தேடினார் என்று நினைப்பாய். போனில் நான் "ம்", "சரி", "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பதற்கு மேல் பேசுவதில்லை என்று நீயே எத்தனையோ தடவை குறைப்பட்டிருக்கிறாய். அது ஒரு காரணம். இன்னொன்று, நம் வீட்டில் ஒரு அறையில் தும்மினால் மூன்று அறைக்கும் கேட்கும். உன் அம்மாவின் காதைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தையல் மெஷினை ஓட்டிக்கொண்டே அடுத்த தெருவில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று சொல்லுகிறவள். இந்தக் கடிதத்தை வகுப்புக்கு நடுவில் காரிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்கு ஸ்டீயரிங்தான் பொறுப்பு.

எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு நீ அனுப்பிய சீட்டு வந்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. இருபத்தெட்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவனுக்கு, பந்தய மைதானத்தில் போய் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டக் கற்றுக்கொள் என்று ஒரு சீட்டு! கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கிறாளே என் மகள் என்று நினைத்தேன். உன் அம்மாவோ அப்படியில்லை. சீட்டை மெஷின் டிராயரில், அளவு நாடாவுக்கும் சாக்பீஸுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். யாராவது ரவிக்கை அளவு கொடுக்க வந்தால் நாடாவை எடுக்கிற சாக்கில் அதையும் ஒரு தடவை எடுத்துப் படிப்பாள். பத்து நாள் பார்த்தேன். பிறகு போன் பண்ணி நாள் குறித்தது நான்தான்.

போன சனிக்கிழமை காலை கிளம்பினோம். மைதானம் ஊருக்கு வெளியே, நம் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். போகும்போது உன் அம்மாதான் ஓட்டினாள். அவளுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் நம்முடைய கார் ஸ்கூல் கார், என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது. அவள் ஓட்டினால் என் கால் தானாக அதன் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். முன்னால் ஒரு லாரியின் சிவப்பு விளக்கு எரிந்தால் அவள் மிதிப்பதற்குள் நான் மிதித்துவிடுவேன். அன்றைக்கும் நாலைந்து தடவை மிதித்தேன். "நான் ஓட்டறேனா, நீங்க ஓட்டறீங்களா?" என்று கேட்டாள். இரண்டு பேரும்தான் என்றேன்.

முதலில் ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு வெள்ளைப் பலகை, சுவரில் வெவ்வேறு நிறத்தில் கொடிப் படங்கள். எங்களைத் தவிர இன்னும் ஆறு பேர், எல்லாருக்கும் உன் வயதுதான் இருக்கும். எங்களைப் பார்த்துவிட்டு, பிள்ளையைக் கொண்டுவந்து விட வந்தவர்கள் என்று நினைத்திருக்கிறார்கள். ஒருவர் எழுந்து உன் அம்மாவுக்கு நாற்காலி கொடுத்தார். கையெழுத்துப் போட ஒரு படிவம் கொடுத்தார்கள். நடப்பதற்கெல்லாம் நாங்களே பொறுப்பு என்பதைத்தான் மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட, உன் அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தாள். மற்ற ஏழு பேரும் அவளுக்காகக் காத்திருந்தோம்.

கொடிப் பாடம் எளிதுதான். நீலம் காட்டினால் பின்னால் வேகமாக ஒருவர் வருகிறார், வழி விடு. மஞ்சள் காட்டினால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை. சிவப்பென்றால் நிறுத்து. ஒவ்வொரு வளைவிலும் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவர் கொடியோடு நிற்பார். இதைக்கூடவா சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கார். உன் அம்மாவுக்கு மஞ்சள், எனக்குச் சிவப்பு. அதில் ஏறுவது என்று சொல்லக் கூடாது, இறங்குவது என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வளவு பள்ளம். நான் ஒரு காலை உள்ளே விட்டு, தலையை விட்டு, மறுபடி வெளியே எடுத்து, பின்பக்கமாகப் போய், ஒருவழியாக விழுந்தேன். தலைக்கவசம் மாட்டியதும் உன் அம்மா, "குண்டானைக் கவுத்த மாதிரி இருக்கு, ஆனா சத்தமே இல்லை, நிம்மதி" என்றாள். யாருடைய சத்தம் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் இருவருக்கும் பக்கத்தில் ஆளுக்கொரு பயிற்சியாளர். அவளோடு ஒரு பெண், முப்பது வயதிருக்கும், குதிரைவால் முடி. என்னோடு ஒரு பெரிய மீசைக்காரர், ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டியவராம். அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருந்ததை ஏறியதுமே பார்த்துவிட்டேன். தொழில் பார்வை. என் தொழிலைச் சொன்னதும் அவருக்கு ஒரே மகிழ்ச்சி. "அப்ப நீங்க மாஸ்டர். நான் உங்களுக்கு என்ன சொல்லித் தர்றது?" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி முதல் வளைவு வரைதான். கிளம்பும்போதே நான் வாசலில் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, தூரத்தில் வந்த ஒரு காருக்குக் கையைக் காட்டி "நீங்க போங்க" என்று வழி விட்டேன். முதல் வளைவு வந்தது. என் கை தானாகப் போய் இண்டிகேட்டரைப் போட்டது. இரண்டாவது வளைவிலும் போட்டேன். மொத்தம் பதினோரு வளைவு, பதினோரு தடவையும் போட்டேன். மூன்றாவது வளைவில் ஹாரனைத் தேடினேன். கட்டுப்பாட்டு அறையிலிருந்து, சிவப்புக் கார் எங்கேயாவது திரும்பி வீட்டுக்குப் போகப் பார்க்கிறதா என்று வயர்லெஸ்ஸில் கேட்டார்களாம். நீ சிரி, பரவாயில்லை. உன் அம்மா இரண்டு நாள் சிரித்தாள்.

அவள் கதை வேறு. அங்கே ஒவ்வொரு வளைவிலும் மூன்று ஆரஞ்சுக் கூம்புகள் வைத்திருந்தார்கள். ஒன்று பிரேக் பிடிக்க, ஒன்று திருப்ப, ஒன்று உள் ஓரத்தை ஒட்டிப் போக. நான் அதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அவள் பார்த்ததுமே, "ஓ, கைக்குழி வெட்டறதுக்கு சாக்பீஸ்ல புள்ளி வைக்கிற மாதிரி" என்றாளாம். குதிரைவாலுக்கு ஒன்றும் புரியவில்லை. ரவிக்கையில் கை சேருகிற வளைவுதான் கைக்குழி, அதை நிறுத்தி நிறுத்தி வெட்டினால் பல் பல்லாக வரும், புள்ளியைப் பார்த்துக்கொண்டே கத்தரியை ஒரே ஓட்டமாக விட வேண்டும் என்று இவள் விளக்கியிருக்கிறாள். அப்படியே ஓட்டியும் விட்டாள். ஒரு கார் பின்னால் நெருங்கி வந்தபோது யாரோ ஒரு இளவட்டம் என்று நினைத்து வழி விட்டேன். கடந்து போனது மஞ்சள் கார், என் மனைவி. சுவரில் ஒவ்வொருவர் நேரத்தையும் எழுதினார்கள். என்னைவிட ஒரு சுற்றுக்குப் பதினான்கு வினாடி குறைவு அவளுக்கு. எட்டுப் பேரில் இரண்டாவது.

காரை விட்டு வெளியே வந்தபோது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முடியெல்லாம் கலைந்து, வியர்த்து, கன்னம் சிவந்து. என்னிடம் வந்து, "யாருமே மிதிக்கலைங்க. கடைசி வரைக்கும் அந்தப் பொண்ணு காலை மடக்கிட்டு சும்மா உக்காந்திருந்தா" என்றாள். திட்டினால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

இனி, பேனா தயங்கிய இடம்.

என் நாலாவது சுற்றில் மீசைக்காரர் ஒன்று சொன்னார். நான் இரண்டு வினாடிக்கு ஒரு தடவை தலையைத் திருப்பி எல்லாக் கண்ணாடியையும் பார்க்கிறேன், அதனால்தான் வளைவு தப்புகிறது என்றார். "மாஸ்டர், கண்ணாடியெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க தலையைத் திருப்பாம நேரா மட்டும் பாருங்க." சரியென்று, இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக நேராக மட்டும் பார்த்து ஓட்டினேன். நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாவது வளைவைத் தாண்டி வேகத்தைக் கூட்டினேன். திடீரென்று கார் முன்பக்கம் குனிந்து நின்றது. நான் மிதிக்கவில்லை. அவர் மிதித்திருந்தார்.

தலையை இடது பக்கம் திருப்பின பிறகுதான் பார்த்தேன். ஒரு நீலக் கார் சுழன்று போய், பாதி புல்லிலும் பாதி பாதையிலும் நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர். அதற்கு முன்னால் இரண்டு இடத்தில் மஞ்சள் கொடியை ஆட்டியிருக்கிறார்கள், இரண்டும் இடது பக்கம். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. கவனிக்காமல் விட்டேன் என்று நினைக்காதே. அந்த இடத்தில் எனக்கு எதுவுமே இல்லை மகளே. இருட்டாகக்கூட இல்லை, ஒன்றுமே இல்லை.

மீசைக்காரர் மெதுவாக ஓட்டச் சொல்லி உள்ளே கொண்டுவந்தார். "கொடி தெரிஞ்சுதா மாஸ்டர்?" என்று கேட்டார். தெரிந்தது, பிரேக் பிடிக்கத்தான் போனேன் என்று பொய் சொன்னேன். அவர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, "ஒரு தடவை கண்ணைக் காட்டிடுங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். உன் அம்மாவிடம் இஞ்சின் சூடாகிவிட்டது, அதனால் சீக்கிரம் வந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் இருந்த சந்தோஷத்தில் எதையும் கேட்கவில்லை. வீட்டுக்கு அவளே ஓட்டி வந்தாள். வழியெல்லாம் வளைவு வளைவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் ம் கொட்டிக்கொண்டே, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, ஓரத்து மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் கண் டாக்டரைப் பார்க்க நாள் வாங்கியிருக்கிறேன். அது வரை உன் அம்மாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம். அவள் ரொம்ப நாள் கழித்து இப்படிச் சிரிக்கிறாள். உனக்கு இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

பரிசுக்கு நன்றி. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா

*

அன்பு மகளுக்கு,

உன் பதில் கிடைத்தது. நாலு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் திட்டு, மீதி அரைப் பக்கத்தில் அக்கறை. திட்டிலும் அக்கறைதான் என்று எனக்குத் தெரியும். இந்த ஆறு வாரத்தில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதச் சொல்லியிருக்கிறாய். எழுதுகிறேன். இந்தத் தடவை வீட்டுக்குள்ளேயே, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அதிலிருந்தே உனக்குப் பாதி தெரிந்திருக்கும்.

கண் டாக்டர் அம்மா பொறுமையானவர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போயிருக்கிறது என்றார். ஒரு இயந்திரத்தில் தாடையை வைத்து, நடுவில் ஒரு புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள். ஓரத்தில் எங்கே வெளிச்சம் மினுக்கினாலும் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். என்னால் நடுப் புள்ளியைப் பார்க்க முடியவில்லை. கண் இடது ஓரம், வலது ஓரம், மேலே என்று ஓடிக்கொண்டே இருந்தது. "ஐயா, கண்ணை அசைக்காதீங்க" என்று அந்தச் சோதனை செய்கிற பெண் நாலு தடவை சொல்லிவிட்டு, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னதும் சிரித்துவிட்டாள். ஐந்தாவது தடவைதான் சோதனை முடிந்தது.

அந்தக் காகிதத்தை டாக்டர் காட்டினார். இடது கண்ணில் ஓரமெல்லாம் கறுப்பு. வலது கண்ணிலும் இடது ஓரம் அரித்துப் போயிருந்தது. இது நாலைந்து வருஷமாகவே நடந்திருக்கும் என்றார். எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்டேன். நான் கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கிறவன் அல்லவா? இல்லாத இடத்தையெல்லாம் அந்தப் பழக்கமே நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறது. நேராகப் பார் என்று மீசைக்காரர் சொன்ன அன்றைக்குத்தான் ஓட்டை வெளியே தெரிந்தது. போன பார்வை இனித் திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், வண்டி மட்டும் ஓட்டவே கூடாது என்றார். சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இப்போது எழுதப் போவதைப் படித்துவிட்டு நீ என்ன நினைத்தாலும் சரி. டாக்டர் சொன்ன பிறகும் மூன்று நாள் வகுப்பு எடுத்தேன். என்னிடம் அப்போது இரண்டு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள், ஒரு பல் டாக்டர், ஒரு நர்ஸ். இருவருக்கும் அடுத்த வாரம் லைசென்ஸ் தேர்வு. இவர்களை மட்டும் கரையேற்றிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். ஓட்டுவது அவர்கள்தானே, நான் பக்கத்தில்தானே உட்காருகிறேன் என்றும் சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் உட்காருகிறவனுக்குக் கண் எதற்கு என்று எந்த மாணவராவது என்னைக் கேட்டிருந்தால் அரை மணி நேரம் பாடம் எடுத்திருப்பேன். ஊருக்குத்தான் உபதேசம்.

மூன்றாம் நாள் அந்த நர்ஸ் சந்தைக்குப் பக்கத்தில் திரும்பும்போது இடது பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள். நல்ல வேளையாக அவளே பார்த்து, அவளே நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, "மாஸ்டர், நானே பாத்துட்டேன், நீங்க மிதிக்கறதுக்கு முன்னாடியே" என்று பெருமையாகச் சொன்னாள். நான் சபாஷ் என்றேன். சைக்கிளில் இருந்தவர் ஒரு கையில் பால் பாக்கெட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு எங்களை முறைத்துவிட்டுப் போனார். நான் அவரைப் பார்க்கவேயில்லை, அவர் காருக்கு முன்னால் வந்த பிறகுதான் பார்த்தேன். அவளை அவள் வீட்டு வாசல் வரை ஓட்டச் சொல்லி, காரை அங்கேயே நிறுத்திப் பூட்டிவிட்டு, நடந்து வீட்டுக்கு வந்தேன். நாலு கிலோமீட்டர். எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு வருஷத்தில் காரைக் கண்டு நான் பயந்தது அன்றைக்குத்தான்.

உன் அம்மா முன்னறைத் தையல் கடையில் ஒரு பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர் யாரும் இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கொடி, டாக்டர், மூன்று நாள், சைக்கிள். கண் என்றதும் அவள் கை நின்றது. மூன்று நாள் என்றதும் முகம் மாறியது. அவள் முதலில் கேட்டது என் கண்ணைப் பற்றி இல்லை. "நாளைக்குக் காலைல யாருக்குக் கிளாஸ்?" என்றாள். பல் டாக்டருக்கு என்றேன். என் போனை வாங்கி, அவளே கூப்பிட்டு, மாஸ்டருக்கு உடம்பு சரியில்லை, வேறு ஸ்கூலில் ஏற்பாடு செய்து தருகிறோம் என்று சொல்லி வைத்தாள். நர்ஸிடமும் அப்படியே. பிறகு மெஷினில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு நாள் அந்த மெஷின்தான் என்னிடம் பேசியது. கடகடவென்று, ஊசி உடைகிற வேகத்தில். வேளைக்குச் சாப்பாடு வந்தது, சொட்டு மருந்தும் விட்டாள். தலையைப் பிடித்துக் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே நிமிர்த்தி விட்டாள். பேச்சு மட்டும் இல்லை.

மூன்றாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. தொழிலும் போச்சு, நீயும் பேச மாட்டேன்கிறாய், நான் என்னதான் செய்வது, இனிமேல் நான் எல்லாரும் ஏற்றிக்கொண்டு போகிற மூட்டையா என்று கத்திவிட்டேன். அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுத் திரும்பினாள். "பன்னெண்டு வருஷம் நான் ஓட்டும்போதெல்லாம் நீங்க பிரேக்கை மிதிச்சீங்க. தேவைக்கும் மிதிச்சீங்க, தேவையில்லாமலும் மிதிச்சீங்க. நான் பொறுத்துக்கிட்டேன்ல? உங்களுக்காக இன்னொருத்தர் மிதிக்கணும்னா மட்டும் கசக்குதா?" என்றாள். பிறகு அவள் அழுதாள். கண்ணுக்காகத்தான் அழுதாள், கோபமெல்லாம் அது வரைதான். நானும் அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. இரண்டு பேரும் அழுதுகொண்டிருக்கும்போது ஒரு அம்மாள் ஜிப் மாற்ற வந்து, வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே மாட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் இருவருமாக லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே எல்லாருக்கும் என்னைத் தெரியும். கூட்டி வந்த ஆட்கள் எங்கே மாஸ்டர் என்று கேட்டார்கள். இன்றைக்கு நான்தான் ஆள் என்று சொல்லி, என் லைசென்ஸையும் பயிற்சியாளர் சான்றையும் கொடுத்துவிட்டேன். அந்தக் குமாஸ்தா டாக்டர் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இருபது வருஷமாக ஜன்னலுக்குள்ளேயே பார்த்த மனிதர். இவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பல் டாக்டரும் நர்ஸும் என் நண்பரின் ஸ்கூலில் சேர்ந்து தேர்வில் தேறிவிட்டார்கள். அந்த நண்பர், காலையில் இரண்டு மணி நேரம் வந்து சாலை விதி வகுப்பு மட்டும் எடுக்கச் சொல்கிறார். கரும்பலகையும் ஒரு குச்சியும் போதும். அடுத்த மாதம் முதல் போகிறேன்.

காரைப் பற்றிக் கேட்டிருந்தாய். கூரை மேல் இருந்த ஸ்கூல் பலகையைக் கழற்றியாயிற்று. நம் மெக்கானிக் என் பக்கத்து பிரேக்கையும் கழற்றிவிடலாமா என்று கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா, "கழட்டுங்க" என்றாள். அன்று மாலை அவளோடு ஒரு சுற்றுப் போய் வந்தேன். முன்னால் ஒரு பேருந்து நின்றபோது என் கால் பாய்ந்து வெறும் தரையில் இடித்தது, நல்ல வலி. கட்டைவிரல் இன்னும் வீங்கியிருக்கிறது. அவள் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பேருந்தையே இடித்துவிடுவாளோ என்று பயந்தேன், ஆனால் அழகாக நிறுத்தினாள். நல்லாத்தான் ஓட்டறே என்று சொன்னேன். "இப்பதான் தெரிஞ்சுதா?" என்றாள். இப்போதுதான் தெரிந்தது, உண்மையாகவே.

அந்தக் குதிரைவால் பெண் இரண்டு தடவை வீட்டுக்கு வந்துவிட்டாள். கடையில் கிடைக்கிற பந்தய உடை எதுவும் பெண்களுக்குப் பொருந்துவதில்லையாம், தோள் தொங்குகிறது, இடுப்புப் பிடிக்கிறது. உன் அம்மா அவளுடையதைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். இப்போது இன்னும் மூன்று பேருடையது மெஷின் மேல் கிடக்கிறது. பதிலுக்கு அடுத்த மாதம் ஒரு நாள் உன் அம்மாவை மறுபடி டிராக்குக்கு அழைத்துப் போகிறாள். எனக்கும் வரச் சொல்லி அழைப்பு. கொடி ஆட்டவா என்று கேட்டேன். சுற்றுக்குச் சுற்று நேரம் குறிக்க ஆள் வேண்டும் என்றார்கள். கையில் கடிகாரம், கண்ணுக்கு முன்னால் ஒரு கோடு, அதை மஞ்சள் கார் தாண்டும்போது அழுத்த வேண்டும். அது என்னால் முடியும்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியவை. முதலில், இது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரக்கூடிய வியாதி என்று டாக்டர் அம்மா சொல்லியிருக்கிறார். வலி இருக்காது, மங்காது, ஒன்றும் தெரியாது. அதுதான் இதன் கெட்ட குணம். எனக்குத் தெரியாமல் உனக்கு நான் எதையாவது கொடுத்திருக்கக் கூடாதே என்று தினமும் நினைக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் கண் டாக்டரிடம் நாள் வாங்கு. வேலை இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லாதே. நானும் இந்த இரண்டு பேர் மட்டும் என்று அப்படித்தான் தள்ளிப்போட்டேன்.

இன்னொன்று, உனக்கு நான் ஒழுங்காக வண்டி கற்றுத் தரவில்லை. ஊரில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவன் சொந்த மகளை மூன்றாம் நாளே நடுரோட்டில் இறங்கிப் போக வைத்தேன். நீ இறங்கிப் போனதுதான் சரி. நான் அன்றைக்கு எதைக் கண்டு பயந்தேன் என்று இப்போது புரிகிறது. நீ தப்பாக ஓட்டவில்லை. நீ நன்றாக ஓட்டிவிட்டால் எங்கேயோ போய்விடுவாய் என்று இருந்தது. நீ ரயிலேறிப் போனாய், அதை நான் எந்த பிரேக்கால் நிறுத்துவது? இங்கே வந்தால் உன் அம்மாவிடம் கற்றுக்கொள். நான் பின் சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்காருகிறேன், சத்தியம்.

விடுமுறை கிடைக்குமா என்று உன் மேலதிகாரியிடம் கேள். இரண்டு நாள் கிடைத்தாலும் போதும். எந்த ரயில் என்று முன்கூட்டியே எழுது, நானும் நிலையத்துக்கு வருகிறேன். ஒன்று மட்டும் நினைவில் வை. எப்போதும் போலப் பக்கவாட்டில் வந்து என் தோளைத் தட்டாதே, திடுக்கிட்டுப் போவேன். ஓரத்தில் நின்று கையை ஆட்டினாலும் பார்க்காமல் விட்டுவிடுவேன், அப்பா கண்டும் காணாமல் போகிறார் என்று நினைத்துக்கொள்ளாதே. கூட்டம் போகட்டும். நேராக நடந்து வந்து என் முன்னால் நில். முன்னால் இருப்பதெல்லாம் எனக்கு இன்னும் நன்றாகத் தெரிகிறது. தெரிகிற வரைக்கும் உன்னை அடிக்கடி பார்க்க வேண்டும் மகளே.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், இரண்டு கண்ணும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்த்து,
அப்பா